கொரியா மாதிரி நமக்கும் ஒரே ராணுவக் கொள்முதல் அமைப்பு வேண்டுமா?

ஆவடிக்காரன்:
நம்ம ராணுவத்துக்கு 1,86,138 புல்லட் புரூஃப் ஜாக்கெட் வாங்க 2009-ல் ஒப்புதல். ஒப்பந்தம் கையெழுத்தானது 2018 ஏப்ரலில். தென் கொரியாவில் அங்கங்கே சிதறிக் கிடந்த ராணுவக் கொள்முதலை 2006-லேயே டாபா என்ற ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் (ரொட்டிக் கடை இல்லை!). போலந்தோடு 2022 ஆகஸ்டில் டாங்கி ஒப்பந்தம், டிசம்பரில் முதல் பத்து டாங்கி கப்பலில் போய் இறங்கியாச்சு. இங்கே மட்டும் ஏன் இப்படி?

கோப்புப்புழு:
அண்ணே, போலந்து கதை கொரியா விற்றதைப் பற்றி. நாம பேசுறது வாங்குறதைப் பற்றி. டாபா வாங்கிய லட்சணத்துக்கு டோங்யோங் மீட்புக் கப்பலைப் பாருங்க. நீரில் இறக்கியது 2012-ல். 2014 ஏப்ரலில் செவோல் பயணிகள் கப்பல் மூழ்கி 304 பேர் போனபோது இந்த மீட்புக் கப்பலை அனுப்ப முடியவில்லை. சோனார் (ஒலியால் கடலடியைத் தேடும் கருவி) தேறாததால் கடற்படை அதுவரை கப்பலை ஏற்கவே இல்லை. சுமார் 20 கோடி வோன் பெறுகிற சோனாருக்கு 410 கோடி வோன் கொடுத்திருந்தார்கள். ஒரே வாசல் என்றால் கமிஷன்காரனுக்கும் ஒரே வாசல்தானே?

ஆவடிக்காரன்:
சரி, போலந்து உதாரணம் தப்பு, விட்டுடறேன். ஆனா அங்கே யார் சட்டையைப் பிடிப்பது என்றாவது தெரிஞ்சுது. இங்கே தேவையை எழுதுவது படைத் தலைமையகம், ‘வாங்கலாம்’ என்பது அமைச்சர் தலைமையிலான கவுன்சில், விலை பேச ஒரு குழு, அதுக்கப்புறம் நிதிப் பிரிவு. ஒன்பது வருஷத்துக்கு யாரைக் கேட்பீங்க?

கோப்புப்புழு:
பிடிச்சாங்க. அந்தச் சோனார் விவகாரத்தில் கொரியக் கடற்படைத் தளபதியாக இருந்தவரையே கைது செய்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய் நிரபராதி என்று வெளியே வந்தார். அதைப் பார்த்த அடுத்த அதிகாரி எதில் கையெழுத்துப் போடுவார்? நம்ம போஃபர்ஸும் அதே கதைதான். 1986-ல் பீரங்கி வாங்கினோம், லஞ்சப் புகார் கிளம்பியது, அடுத்து புது 155 மி.மீ. பீரங்கிக்கு ஒப்பந்தம் போட 2016 ஆச்சு. புதுசா ஒரு போர்டு மாட்டினால் இந்தப் பயம் போயிடுமா?

எல்லைச்சாமி:
பழைய ஜாக்கெட்டைப் போட்டு ரோந்து போனவன் நான். முட்டி போட்டால் முன்தகடு எழும்பித் தாடையில் இடிக்கும். தலைக்குப் பட்கா என்ற கவசப் பட்டை, நெற்றியும் பின்மண்டையும் மறையும், உச்சி திறந்து கிடக்கும். நீங்க ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. 2016-ல் அவசரம் என்று 50,000 ஜாக்கெட்டுக்கு ஒப்பந்தம் போட்டாங்களே, அதே அமைச்சகம், அதே மேஜைகள். அது மட்டும் எப்படி நடந்தது?

கோப்புப்புழு:
அது வருவாய்ச் செலவுக் கணக்கு ஐயா, அன்றாடச் செலவு மாதிரி. பெரிய ஆர்டர் மூலதனக் கணக்கு. விதிப்புத்தகமே வேற.

ஆவடிக்காரன்:
நல்லாருக்கு! குறுக்கு வழி ஒண்ணு இருக்கு, அதுல 50,000 பேருக்கு மட்டும் இடம். மீதிப் பேர் மூலதனக் கணக்கா? சாமி ஐயா, உங்களுக்கு அதுல கிடைச்சுதா?

எல்லைச்சாமி:
நான் 2015-லேயே ஓய்வு, தம்பி.