குரோஷா: 20 கண்ணிகளில் தொடங்கிய மஃப்ளர் முக்கோணமாகிறது

புதுக்கண்ணி:
வணக்கம். ஒரு மாதமாகக் காணொளிகளைப் பார்த்து, ஒரே கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷா பழகி வருகிறேன். 4 மி.மீ. ஊசியும் கருநீல அக்ரிலிக் நூலும் கொண்டு, 20 கண்ணிகளில் ஒரு மஃப்ளரைத் தொடங்கினேன்; எட்டாவது வரியில் எண்ணிப் பார்த்தால் 13 கண்ணிகளே இருக்கின்றன. டபுள் குரோஷா என்ற வகைக் கண்ணியைப் பின்ன, வரியைத் திருப்பும்போது மூன்று செயின் (சங்கிலிக் கண்ணி) போடச் சொல்கிறது காணொளி. அம்மா வைத்திருந்த பழைய புத்தகமோ அதே டபுள் குரோஷாவுக்கு ஒரு செயின் போதும் என்கிறது. எதை நம்புவது? இரண்டு ஊசிகளால் பின்னும் நிட்டிங்தான் எளிது என்று தோழி சொல்வதால், அதற்கே மாறிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

நூற்கண்டு:
முதல் வரிக்குப் பிறகு ஏழு வரிகளில் ஏழு கண்ணிகள் போயிருக்கின்றன. அதாவது வரிக்குச் சரியாக ஒன்று. கைநடுக்கத்தால் இவ்வளவு ஒழுங்காகக் குறையாது. திருப்பும்போது போடும் மூன்று செயினே புதிய வரியின் முதல் கண்ணியாகக் கணக்கில் சேர்வதால், அதன் அடியிலுள்ள கண்ணியை விட்டுவிட்டு அடுத்ததில் பின்னத் தொடங்குகிறோம். அதற்கு ஈடாக, வரி முடியும் இடத்தில், முந்தைய வரியின் தொடக்கத்தில் போட்ட மூன்று செயினின் உச்சியில் ஒரு கண்ணி பின்ன வேண்டும். அதைத்தான் விட்டுவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். மூன்றாவது செயினைப் போட்டவுடன் அதில் ஓர் ஊக்கை மாட்டிவிடுங்கள். கருநீலத்தில் கண்ணி தெரியாது. பழகும் வரை வெளிர்நிற நூலே நல்லது.

பழைய ஊசி:
புத்தகமும் சரி, காணொளியும் சரி. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷா என்று சொல்லும் குட்டையான கண்ணியைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷா என்பார்கள். அமெரிக்க டபுள், அங்கே ட்ரெபிள் ஆகிவிடும். ஒரு செயினோடு திருப்பச் சொல்வதால் உங்கள் அம்மாவின் புத்தகம் பிரிட்டிஷ் முறையில் எழுதப்பட்டது எனலாம். பின்னல் குறிப்பில் 'சிங்கிள்' என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை. இதை அறியாமல் நான் பின்னிய குழந்தைத் தொப்பி, என் தலைக்கே பொருந்தும் அளவுக்கு நீண்டுவிட்டது.

இரட்டை ஊசி:
நான் நிட்டிங் பின்னுபவள்தான். இருந்தும் இப்போது மாறாதீர்கள் என்றே சொல்வேன். குரோஷாவில் ஊசியில் நிற்பது பெரும்பாலும் ஒரே கண்ணி. ஆகவே பிழை நேர்ந்த இடம் வரை நூலை இழுத்துப் பிரித்துவிட்டு, அந்த ஒரு கண்ணியில் ஊசியைக் கோத்துத் தொடரலாம். நிட்டிங்கில் வரியின் எல்லாக் கண்ணிகளும் ஊசியில் உயிரோடு நிற்கும். ஒன்று நழுவினால் ஏணிபோலக் கீழ்வரிகளுக்கும் அவிழ்ந்துகொண்டே போகும். அப்படி நழுவியதை மேலேற்ற நானே குரோஷா ஊசியைத்தான் எடுக்கிறேன்! ஆனாலும் உங்கள் தோழி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை: ஒரே வகைக் கண்ணியை மட்டும் கற்றுக்கொண்டு ஒரு முழு மஃப்ளரையும் நிட்டிங்கில் பின்னிவிடலாம்.

புதுக்கண்ணி:
மூவருக்கும் நன்றி. முழுவதையும் பிரித்து, மஞ்சள் நூலில் மீண்டும் தொடங்கினேன். அந்த மூன்று செயின் ஓரத்தில் சாய்ந்து கிடந்ததால், அதை ஒரு கண்ணியாகவே நான் நினைத்திருக்கவில்லை. இப்போது ஆறாவது வரியிலும் 20 கண்ணிகள் இருக்கின்றன; ஆனால் அடிவிளிம்பு மட்டும் உள்வாங்கி வளைகிறது.

நூற்கண்டு:
தொடக்கச் செயினை இறுக்கமாகப் போட்டிருப்பீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் 5 மி.மீ. ஊசியால் போட்டுவிட்டு, பிறகு 4-க்குத் திரும்புங்கள்.