பழைய பிரிட்டிஷ் நூல்களில் ‘பில்லியன்’: எப்படி மொழிபெயர்க்கிறீர்கள்?

மொழிபெயர்ப்பு நண்பர்களுக்கு வணக்கம். ஒரு சொல்லுக்கு உங்கள் உதவி வேண்டும்.

இன்றைய ஆங்கிலத்தில் பில்லியன் என்றால் 100 கோடி. ஒன்றுக்குப் பின் 9 சுழி. நூறால் பெருக்கிக் கோடி சேர்த்தால் போதும்: 2.5 பில்லியன் 250 கோடி. அவசரத்தில் மில்லியன் கணக்கு கலந்துவிடுவதால்தான் இது 25 கோடியாகவோ 25 லட்சமாகவோ அச்சேறுகிறது. மில்லியனைப் பத்தால் வகுத்தால்தான் கோடி வரும்.

சிக்கல் பழைய நூல்களில். பிரிட்டனில் இந்தச் சொல் மில்லியன் மில்லியனைக் குறித்தது, அதாவது ஒரு லட்சம் கோடி. 1974 டிசம்பரில் பிரதமர் ஹெரால்ட் வில்சன், அரசு இனி 100 கோடி என்ற பொருளிலேயே பயன்படுத்தும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அமெரிக்க நூல்கள் அதற்கு முன்பே 100 கோடி என்றே எழுதின. ஆக, ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது. ஆயிரம் மடங்கு பிழை வரும். அதே நூலில் 100 கோடியைக் குறிக்க ‘தவுசண்ட் மில்லியன்’ (ஆயிரம் மில்லியன்) அல்லது ‘மில்லியார்ட்’ வந்தால், பில்லியன் பெரும்பாலும் பழைய பொருள்தான். இது நல்ல தடயம். ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் இன்றும் பில்லியன் ஒரு லட்சம் கோடியே என்பதால், அவற்றிலிருந்து ஆங்கிலம் வழியாக வந்த நூல்களில் இன்னும் கவனம் தேவை.

எனக்குத் தெரிய வேண்டியது: இத்தகைய தடயம் எதுவும் இல்லாத, 1970களின் பிரிட்டிஷ் நூலில் நீங்கள் எப்படி முடிவெடுக்கிறீர்கள்? பில்லியன் என்றே விட்டு அடிக்குறிப்பு தருவீர்களா, கோடிக்கு மாற்றிவிடுவீர்களா? மாற்றியிருந்தால், எதை வைத்துச் சரிபார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.