வயல் விழாவில் பார்த்த ஒத்தை நாத்து நடவு: கடைமடைக்கு ஒத்து வருமா?

கேள்வி: கோவாலசமுத்திரத்தான்

தாமிரபரணித் தண்ணி வார கன்னடியன் கால் (வாய்க்கால்) கடைமடையில எனக்கு ரெண்டு ஏக்கர் வயல். போன வாரம் சேரன்மகாதேவி பக்கம் ஒரு வயல் விழாவுக்குப் போயிருந்தேன். திருந்திய நெல் சாகுபடி. 25 சென்டிமீட்டர் இடைவெளி, குத்துக்கு ஒத்தை நாத்து. குனிஞ்சு ஒரு தூரை எண்ணிப் பாத்தேன், 34 கதிர்! அஞ்சுக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி அறுத்து, அங்கனயே அடிச்சுத் தூத்தி எடை போட்டாவ. 18 கிலோ. ஏக்கருக்கு 39 மூட்டைன்னு கணக்கு (75 கிலோ மூட்டை). எனக்கு இந்தப் பிசானத்துல (மழைக்காலத்துல நடுத போகம்) 24தான். நான் ஏக்கருக்கு 30 கிலோ விதை பாவுதவன், அவங்க மூணு கிலோ போதும்ங்காவ. நடவுக்கு வார அக்காகிட்ட சொன்னா, "ஒத்தை நாத்தைக் கொக்கு மிதிச்சே கொன்னுரும்"னு சிரிக்கா. அடுத்த பிசானத்துக்கு ரெண்டு ஏக்கரையும் இதுல இறக்கலாமா?

பதில்: வீரவநல்லூர் தம்பி

தாராளமா இறங்குங்க அண்ணாச்சி. ஆனா நட்ட பத்தாம் நாள்ல இருந்து பத்து நாளைக்கு ஒருக்கா கோனோ வீடர் (கையால உருட்டிக் களையை அமுக்குற கருவி) உருட்டணும். விட்டா, அந்த இடைவெளி பூரா கோரைக்குத்தான். முத நாள் உருட்டிட்டு நான் ராத்திரி கையைத் தூக்கிச் சோறு திங்க முடியல.

பதில்: தொளிக்காட்டுத் தாத்தா

தம்பி சொன்னது மேட்டு வயலுக்குச் சரி. கோவாலசமுத்திரத்தாரே, உம்ம வயல் எது? மேல உள்ளவன் வயல் நிறைஞ்சு வடியுத தண்ணி பூரா உம்ம வாமடைக்குத்தானே வரும்? ஒத்தை நடவுக்கு எடுக்குத 14 நாள் நாத்து நாலு விரக்கடை உசரம். ஐப்பசி கார்த்திகை மழையில ரெண்டு மூணு நாள் முங்கிக் கிடந்தா தீந்துச்சு. நானும் ஒரு வருசம் ஆசைப்பட்டு அரை ஏக்கர் நட்டேன். விடிய விடிய ஊத்துன மழையில வரப்பே தெரியல. நாலாம் நாள் பாத்தா தொளிச் சேறுதான் இருந்துச்சு, நாத்தைக் காணோம். அடுத்த வயல்ல மிஞ்சுன நாத்து முடியைக் கேட்டு வாங்கி நட்டேன்.

பிசானத்துக்கு 20 நாள் நாத்தா எடுத்து, குத்துக்கு ரெண்டா, 20 சென்டிமீட்டர் வரிசையில கயிறு பிடிச்சு நடும். ஒத்தை நாத்தை ஆனி ஆடியில நடுத கார் போகத்துக்கு வச்சுக்கும். பாபநாசம் அணையில தண்ணி திறந்தா, மேடான 20 சென்ட்ல அம்பை 16 நெல்லைப் போட்டுப் பாரும். 1986ல வந்த ரகம், இன்னும் நம்மள ஏமாத்தல.

அதுக்கு முன்ன, பெரிய செலவில்லாத ரெண்டு வேலை. ஒண்ணு, விதை. பத்து லிட்டர் தண்ணியில கோழிமுட்டை மிதந்து நாலணா அகலம் வெளிய தெரியுத வரைக்கும் உப்பைக் கரைச்சு, அதுல விதையைக் கொட்டும். மிதக்கதை அள்ளி மாட்டுக்குப் போட்டுட்டு, முங்குனதை மூணு தண்ணியில அலசும். உப்பு நின்னா முளைக்காது.

ரெண்டு, யூரியா. 45 கிலோ மூட்டையைப் பிரிச்சு ஒரே வீச்சுல வீசுத ஆளுதானே நீரும்? இலை வண்ண அட்டை ஒண்ணு வாங்கும்; நம்பர் போட்ட பச்சைப் பட்டைக இருக்கும், இலை நிறத்தை அதோட ஒப்பிட்டுப் பாக்கணும். காலையில எட்டு பத்து மணிக்குள்ள, உம்ம நிழல்ல வச்சு, நல்லா விரிஞ்ச மேல் இலையைப் பத்து தூர்ல பாரும். ஆறு இலை நாலாம் நம்பருக்கு வெளிறி இருந்தா ஏக்கருக்கு 22 கிலோ. இல்லாட்டி பேசாம வீட்டுக்கு வந்துரும். இலை கருகருன்னு இருந்தா நமக்குப் பெருமை, இலைசுருட்டுப் புழுவுக்குக் கல்யாணச் சாப்பாடு.

பதில்: களத்துமேடு

அந்த 39 மூட்டையை நம்பிக் கடன் வாங்கிராதீங்க. அது அறுத்த ஈரத்துல போட்ட எடை. ஈரம் 22 சதவீதம் இருந்துச்சுன்னா, 17க்குக் காயுறதுக்குள்ள ரெண்டு மூணு மூட்டை காணாமப் போயிரும். கயிறை வயல் நடுவுல கட்டுனாங்களா, வரப்போரத்துலயா? ஓரத்துத் தூருக்கு வெயிலும் காத்தும் கூட, கதிரும் கூட.

கோவாலசமுத்திரத்தான்

நடுவுலதான் கட்டுனாவ, ஆனா ஈரத்தைப் பத்தி நான் கேக்கவே இல்ல. தாத்தா, என் வயலை நேர்ல பாத்த மாதிரியே சொல்லிட்டீரு. காருக்கு 20 சென்ட், பிசானத்துக்குக் கயிறு நடவு. அக்காகிட்டயும் பேசிட்டேன், கயிறு பிடிக்க தனி ஆள் கூலி வேணுமாம்.