புதுப்பிப்பு: வின்னிபெக் அக்காவுக்குக் கொடி ரோஜா முடிவாகிவிட்டது

கனடாவில் வின்னிபெக்கில் இருக்கும் அக்கா வீட்டு வேலிக்கு எந்தக் கொடி ரோஜா தாங்கும் என்று நாகர்கோவிலிலிருந்து கேட்டிருந்தேனே, முடிவாகிவிட்டது. பலர் சொன்ன 'நியூ டான்' வேண்டாம் என்று விட்டோம். அழகுதான், ஆனால் மைனஸ் 30 டிகிரி குளிரில் அதன் தண்டு நிற்காது.

'வில்லியம் பாஃபின்' வாங்குகிறாள். கனடா அரசின் வேளாண் துறையில் ஃபெலிசிட்டாஸ் ஸ்வெய்டா, கடுங்குளிர் தாங்குவதற்கென்றே உருவாக்கிய 'எக்ஸ்ப்ளோரர்' ரோஜா வரிசையில் ஒரு ரகம், 1983-ல் வெளிவந்தது. அடர் இளஞ்சிவப்புப் பூ, இரண்டரை மூன்று மீட்டர் ஏறும். வாசனை இல்லை என்றதும் அம்மா முகம் சுருங்கிவிட்டது. தோவாளைச் சந்தையின் மணக்கும் பூ பார்த்து வளர்ந்தவர், வேறென்ன சொல்வார்!

ஒட்டுச்செடி வேண்டாம், சொந்த வேரில் வளர்ந்ததாகப் பார்த்து வாங்கச் சொன்னேன். ஒட்டுச்செடியில் மேல்தண்டு குளிரில் செத்தால் வேராக இருக்கும் வேறு ரக அடிச்செடிதான் துளிர்க்கும், பூவும் வேறாகிவிடும். சொந்த வேர் என்றால் தரைவரை கருகினாலும் அதே ரகம் முளைத்து வரும். மே கடைசியில், உறைபனி போனபின் நடுகிறாள்.

அப்புறம், மணம்தான் வேண்டும் என்பவர்கள் அதே வரிசையில் 'ஜான் டேவிஸ்' பாருங்கள். லேசாக மணக்கும்.