நவீனப் புனைவில் சாத்தானை மனிதராக எழுதினால் அவரிடம் எது மிஞ்ச வேண்டும்?

கேள்வி (இரவெழுத்து):

கடந்த இரண்டு ஆண்டுகளாக நான் எழுதிவரும் நாவலில் சாத்தான் ஒரு முக்கியப் பாத்திரம். கொம்பு, வால், கந்தக நெடி எதுவும் அவருக்கு இல்லை; மரியாதையாகப் பேசுகிற, நடுத்தர வயதைக் கடந்த ஒரு மனிதராகவே வருகிறார். நாயகி ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். இறந்துபோன நண்பர் ஒருவர் எழுதி முடித்து, வேறு எவருக்கும் காட்டாமல் விட்டுச்சென்ற கையெழுத்துப் படி அவளிடம் இருக்கிறது. அதைத் தன் பெயரில் வெளியிடலாமா என்று அவள் தடுமாறத் தொடங்கும் நாளில் அவர் வந்து சேர்கிறார்.

முதல் வரைவில் அவருக்கு விரிவான முன்கதை எழுதினேன். தள்ளப்பட்டவரின் துயரம், பழைய காயம், தனிமை எல்லாம் அதில் இருந்தன. வாசித்த மூன்று நண்பர்களும் அவருக்காக வருந்தினார்கள். நாயகியைப் பற்றி ஒருவர்கூட ஒரு சொல் பேசவில்லை. இரண்டாம் வரைவில் முன்கதையை முழுவதுமாக நீக்கினேன். உடனே அவர் தீய யோசனைகளை ஒப்பிக்கும் பொம்மையாகிவிட்டார். 1667-இல் வெளிவந்த மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியத்தைப் படித்த கவிஞர் பிளேக், மில்டன் தம்மை அறியாமலேயே சாத்தானின் கட்சியில் இருந்தார் என்று எழுதியதை நான் அறிவேன். ஆகவே இச்சிக்கல் புதிதன்று. ஆனாலும் மூன்றாம் வரைவைத் தொடங்கும் முன் கேட்கிறேன்: அவர் மனிதராகவும் தெரிய வேண்டும், சாத்தானாகவும் இருக்க வேண்டும் என்றால், அவரிடம் எதை விட்டுவைப்பது?

பதில் 1 (பழஞ்சுவடி):

முன்கதையைத் தேடுவதை விட்டுவிட்டு, அவருடைய வேலை என்ன என்று கேட்டுப் பாருங்கள் என்பதே என் பரிந்துரை.

விவிலியத்தில் உள்ள யோபுவின் நூலை இந்தக் கண்ணோடு மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். எபிரேய மூலத்தில் 'சாத்தான்' என்பது அங்கே ஒருவரின் பெயராக வருவதில்லை. 'அந்தக் குற்றஞ்சாட்டுபவர்' என்று சுட்டிச் சொல்லும் பதவிப்பெயராகவே வருகிறது. அவர் வானத்துச் சபையில் மற்றவர்களோடு வந்து நிற்கிறார், பூமியெங்கும் சுற்றித் திரிந்து வந்ததாகச் சொல்கிறார், பிறகு ஒரு கேள்வி கேட்கிறார்: "யோபு விருதாவாகவா தேவனுக்குப் பயந்து நடக்கிறான்?" அவருடைய முழு ஆற்றலும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அதில் பொய் இல்லை, வசையும் இல்லை. நல்லவராக வாழ்ந்ததற்கு ஏதேனும் கூலி கிடைத்திருக்கும் என்ற ஐயம் மட்டுமே இருக்கிறது. நம்மில் எவரைப் பற்றியும் அக்கேள்வியைக் கேட்கலாம். எவராலும் அதற்கு உடனே விடை சொல்ல இயலாது.

புனைவெழுதுபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் அங்கே உண்டு. அந்நூலில் 42 அதிகாரங்கள்; சாத்தான் தோன்றுவதோ முதல் இரண்டில் மட்டும். முடிவில் யோபுவின் நண்பர்கள் கண்டிக்கப்படுகிறார்கள், இழந்தவை இருமடங்காகத் திரும்புகின்றன, ஆனால் தொடக்கத்தில் பந்தயம் கட்டியவரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அவர் கேட்ட கேள்வி யோபுவிடமும் நண்பர்களிடமும் கைமாறிவிட்டதால் அவர் அங்கிருக்கத் தேவையில்லாமல் போகிறது. 1808-இல் தம் 'ஃபாவுஸ்ட்' நாடகத்தின் முதற்பகுதியை வெளியிட்ட கெதே, அதே சபைக்காட்சியை எடுத்துத் தம் முன்னுரைக் காட்சியாக்கிக்கொண்டார். ஆனால் தம் சாத்தானாகிய மெஃபிஸ்டோபிலிஸைக் கடைசிவரை மேடையில் வைத்திருந்தார். இரண்டும் இருவேறு வழிகள். தங்கள் நண்பர்கள் நாயகியை மறந்துபோனதற்கு அவர் கூடுதல் பக்கங்களை எடுத்துக்கொண்டதே காரணமாக இருக்கலாம்.

பதில் 2 (மறுவாசிப்பு):

பழஞ்சுவடி ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பதவி கொடுத்தால் அவர் அலுவலராகிவிடுவார். கோப்புகளோடு வரும் அலுவலர்ச் சாத்தானும் இன்று தேய்ந்த உருவமே. வேலையை விட அவருடைய மொழியே முக்கியம் என்று நினைக்கிறேன்.

1880-இல் தஸ்தயெவ்ஸ்கி எழுதி முடித்த 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில், அச்சகோதரர்களுள் ஒருவனான இவானிடம் வரும் சாத்தான், பழம்பாணி மேற்சட்டையும் கட்டம் போட்ட காற்சட்டையும் அணிந்து, பிறர் வீட்டில் அண்டிப் பிழைக்கும் ஏழைக் கனவானைப் போல இருக்கிறார். மூட்டுவலியைப் பற்றிப் புலம்புகிறார். பெருத்த உடல் கொண்ட ஒரு வணிகரின் மனைவியாகப் பிறந்து, கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்பதே தம் கனவு என்கிறார். இவ்வளவு அற்பமாக இருந்தும் அவர் நம்மை அச்சுறுத்துகிறார். ஏனென்றால் அவர் சொல்வது எல்லாம் இவான் முன்பே நினைத்து, வெட்கப்பட்டு, ஒதுக்கி வைத்தவை. நீ நான்தான், முகம் மட்டும் வேறு என்று இவானே கத்துகிறான்.

ஆகவே தங்கள் சாத்தானுக்குத் தனி நடை வேண்டாம். அந்த மெய்ப்புத் திருத்துபவளின் சொற்களிலேயே அவர் பேசட்டும். 'திருட்டு' என்ற சொல்லை அவர் ஒருபோதும் உச்சரிக்க மாட்டார். 'இவ்வளவு பிழைகளைத் திருத்தியவள் நீ, இது பாதி உன் நூல்தானே' என்பார்.

பதில் 3 (கரையோரம்):

நான் எழுத்தாளன் அல்லன், வாசகன் மட்டுமே. இக்கேள்வி என்னைத் தொட்டதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய இடத்தில் உடன் பணிபுரிந்த ஒருவர்மீது செய்யாத தவறு சுமத்தப்பட்டது. அவர் செய்யவில்லை என்பதற்கு நானே சாட்சி. விசாரணை நடந்த அறையில் நான் பேசவில்லை. அப்போது எனக்குள் கேட்ட குரல் கொடுமையானதாக இல்லை. மிக நிதானமாக இருந்தது. இப்போது நீ குறுக்கிட்டால் அவருக்குத்தான் பாதகம், பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றது. அவர் வேலையை விட்டுப் போனார். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. சாத்தானைக் கதையில் காணும்போதெல்லாம் நான் அந்த நிதானத்தைத்தான் தேடுகிறேன். பெரும்பாலும் கிடைப்பதில்லை, கவர்ச்சியே கிடைக்கிறது.

"மக்களே போல்வர் கயவர் அவரன்ன ஒப்பாரி யாங்கண்ட தில்" என்ற குறளை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. வள்ளுவர் கயவருக்குத் தனி அடையாளம் எதுவும் தரவில்லை. வேறுபாடே தெரியாத அந்த ஒற்றுமையைக் கண்டுதான் வியக்கிறார். மனித உருவில் சாத்தானை எழுதுபவருக்கு அந்த வியப்பு வேண்டும்.

ஒரு கவலையும் உண்டு. சாத்தானைக் கதைக்குள் கொண்டுவந்தால் பழி அவர்மேல் போய்விடும், நாயகி தப்பித்துக்கொள்வாள். இதற்கு விடை குர்ஆனின் 14-ஆம் அத்தியாயத்தில், 22-ஆம் வசனத்தில் இருக்கிறது. தீர்ப்பு முடிந்த நாளில் சைத்தானே எழுந்து பேசுகிறான்: உங்கள்மீது எனக்கு எந்த அதிகாரமும் இருக்கவில்லை, நான் அழைத்தேன், நீங்கள் இணங்கினீர்கள், என்னைப் பழிக்காதீர்கள், உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்கிறான். இதைவிட நேர்மையான, இதைவிடக் கொடிய பேச்சு அவன் வாயிலிருந்து வர முடியாது. அவனிடம் அழைப்பு மட்டுமே இருந்தது. என் விசாரணை அறையிலும் வாயை மூடிக்கொண்டவன் நான்தான்.

பதில் 4 (பழஞ்சுவடி):

கரையோரம் எழுதியதைப் படித்தபின் என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். வேலை என்று நான் சொன்னது, சரியாகச் சொன்னால், அழைப்பதுதான்.

அவர் எப்படி வெளியேறுவார் என்பதையும் யோசிக்க வேண்டும். பாலி மொழியில் உள்ள பௌத்த நூலான சங்யுத்த நிகாயத்தில், மனத்தை மயக்கித் தடுக்கும் மாரன் (மணிமேகலை புத்தரை 'மாரனை வெல்லும் வீர' என்று போற்றும் இடத்தில் வரும் அதே மாரன்), தனித்திருக்கும் பிக்குணிகளிடம் ஒருவர் பின் ஒருவராக வருகிறான். ஆளுக்கு ஏற்றபடி பேச்சை மாற்றுகிறான். சோமா என்பவரிடம், இரண்டு விரலளவு அறிவுடைய பெண்ணால் முனிவர்கள் எய்தும் நிலையை எய்த முடியுமா என்கிறான். அவர் சீறவும் இல்லை, வாதத்தில் சிக்கவும் இல்லை. பேசுவது மாரன் என்று கண்டுகொண்டு, உள்ளம் ஒருமுகப்பட்ட இடத்தில் பெண் என்பது என்ன தடை என்று விடை சொல்கிறார். 'என்னை அறிந்துகொண்டாள்' என்று வருந்தி மாரன் அங்கேயே மறைந்துபோகிறான். போர் இல்லை, மின்னல் இல்லை. யார் பேசுகிறார் என்று தெரிந்துவிட்டால் அவருக்கு அங்கே இடமில்லை.

இரவெழுத்து:

அனைவருக்கும் நன்றி. கரையோரம் ஐயா, தாங்கள் மறைக்காமல் எழுதியது என் நாவலுக்கு மட்டும் உதவவில்லை. நானும் ஒரு நாள் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்றிரவு முதல் சந்திப்பை மீண்டும் எழுதினேன். அவருக்குப் பெயர் இல்லை, முன்கதையும் இல்லை. மெய்ப்புத் தாள்களுக்கு எதிரே உட்கார்ந்து, இறந்த நண்பரின் வாக்கியம் ஒன்றை அவள் எப்படித் திருத்தியிருந்தாள் என்று வாசித்துக் காட்டிப் பாராட்டுகிறார். அந்தத் திருத்தம் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அவள் மகிழ்கிறாள். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் எழுந்து போனபின் அவள் முதல் பக்கத்தைத் திருப்பி, ஆசிரியர் பெயர் இருக்கும் வரியின் அருகே, நீக்குக என்று குறிக்கும் அந்தச் சிறு சுழியைப் பென்சிலால் மிக மெல்லிதாகப் போட்டுப் பார்க்கிறாள். அழித்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் பென்சிலை எடுக்கிறாள்.

அவர் மொத்தம் மூன்று அதிகாரங்களில்தான் வருவார் என்று முடிவு செய்திருக்கிறேன். அவள் அவரைக் கண்டுகொள்வாளா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.