புதுப்பிப்பு: கொழிஞ்சாம்பாறை வீடு, பொள்ளாச்சிப் பள்ளி, எந்த மாநிலத்தில் இன்ஜினியரிங்?

போன மாதம் கேட்டிருந்தேன்: நாங்கள் பாலக்காடு மாவட்டம், மகள் ஆறாவதிலிருந்து பஸ் ஏறிப் பொள்ளாச்சியில் படித்தாள், தமிழ்நாடு கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கலாமா என்று. பலர் முடியாது என்றீர்கள், இங்குள்ள பிரவுசிங் சென்டர்காரரும் அதையே அடித்துச் சொன்னார்.

முடியும். எட்டாவது முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் வெளிமாநிலத்தவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் பொதுப்பிரிவில் மட்டும்தான். சாதிச் சான்றிதழ் கையில் இருந்தாலும் இடஒதுக்கீடு கிடையாது. அங்கே நுழைவுத்தேர்வு இல்லை, கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100, ஆக 200க்குக் கட்ஆஃப். கேரளாவிலோ கீம் (KEAM) என்ற நுழைவுத்தேர்வு எழுதியே ஆகவேண்டும், தரவரிசையில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் பாதிப் பங்கு உண்டு (2025இல் அந்தக் கணக்கீட்டை மாற்றப்போய், உயர்நீதிமன்றம் ரத்து செய்து, பட்டியலையே திரும்பப் போட்டார்கள், ஞாபகம் இருக்கும்).

சரி, இரண்டுக்கும் போட்டோம். கோவையில் அவள் கேட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப்பிரிவில் எட்டவில்லை. பாலக்காட்டிலேயே எலக்ட்ரிக்கல் கிடைத்தது, சேர்த்துவிட்டோம். வகுப்பில் மலையாளம் பேசுவார்களே என்று அவள் அம்மாவுக்குத்தான் கவலை. அவளோ பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் பேசிப் பழகியவள்.