மார்ஃபின் என்றதும் அம்மா அஞ்சுகிறார்

கேள்வி:
என் தந்தைக்குக் கணையப் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டதால், இனி நோய்த்தணிப்புச் சிகிச்சையே உகந்தது என்று கூறி, மருத்துவர் மார்ஃபின் என்ற வலுவான வலிநிவாரணி மாத்திரையை எழுதித் தந்திருக்கிறார். மருத்துவமனை கைவிட்டுவிட்டது என்று அம்மா அழுகிறார். போதைப் பழக்கம் வந்துவிடும் என்றும் அஞ்சுகிறார். அவருக்கு எப்படி விளக்குவது?

பதில் 1:
கைவிடுவதாக எண்ண வேண்டாம். குணப்படுத்த இயலாத கட்டத்திலும் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, மனக்கலக்கம் ஆகியவற்றைத் தணிப்பதும் குடும்பத்தாருக்குத் துணைநிற்பதும் இச்சிகிச்சையின் பணி. நோய் கண்டறிந்த நாளிலிருந்தே கீமோ எனப்படும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சையுடன் சேர்த்தும் இதை அளிக்கலாம் என்பதை மருத்துவர்களிலேயே சிலர் சொல்லத் தவறுகிறார்கள்.

பதில் 2:
நான் செவிலியர். புற்றுநோய் வலிக்கு, குறித்த அளவில் தரப்படும் மார்ஃபினுக்கு அடிமையாவது அரிது. சாதாரண மாத்திரையின் பலன் சுமார் 4 மணி நேரமே நீடிக்கும் என்பதால், வலி வரட்டும் என்று காத்திராமல் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும். மலமிளக்கியையும் இப்போதே கேட்டு வாங்குங்கள். எழுப்பினாலும் விழிக்காத அளவு மயக்கம் தெரிந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள். நீங்களாக மருந்தைத் திடீரென நிறுத்த வேண்டாம்.

பதில் 3:
தமிழ்நாட்டில் இருப்பவரானால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து அளிக்கும் நோய்த்தணிப்புச் சேவையும் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.